அந்த ஆறு மாதத்தை யார் சுமப்பது?

சட்டப்படி பார்த்தால் ஜேர்மனியில் ஒரு தேவாலயத்தின் கதவுக்குத் தனிப் பலம் எதுவும் இல்லை. நாடுகடத்தல் உத்தரவு உள்ள ஒருவரைத் தேடிப் பொலிசார் வந்தால் உள்ளே வரலாம், பீடத்துக்குப் பக்கத்தில் நிற்பவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். கோயிலுக்குள் ஓடிப் புகுந்தவரைத் தொடக்கூடாது என்ற பழைய வழக்கம் ஐரோப்பாவின் சட்டப் புத்தகங்களிலிருந்து எப்போதோ போய்விட்டது. இங்கிலாந்து அதை 1620களில் ஒழித்தது. கத்தோலிக்கத் திருச்சபைகூட 1983இல் வெளியிட்ட தன் சட்டத் தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை. இருந்தும் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஜேர்மன் குடிவரவு அலுவலகத்துக்கு 2300க்கும் மேற்பட்ட தேவாலயத் தஞ்சங்கள், அதாவது நாடுகடத்தப்பட இருப்பவர்களைத் தேவாலயங்கள் தங்கள் வளவில் தங்கவைத்த சம்பவங்கள், அறிவிக்கப்பட்டன. அறிவித்தவர்கள் தேவாலயத்தினர்தான். இன்னார் எங்களிடம் இருக்கிறார், இந்த முகவரியில் இருக்கிறார் என்று முதல் நாளே எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இதைப் பற்றி எங்கள் தமிழ் ஆட்களிடம் பேசினால் இரண்டு விதமாகத்தான் கேட்கிறார்கள். "தேவாலயத்துக்குள்ள போனால் பொலிஸ் தொடாதாம், உண்மையோ?" என்பது ஒன்று. "மதம் மாத்தத்தானே கூப்பிடுகினம்?" என்பது மற்றது. இரண்டுக்கும் விவரமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

நான் ஜேர்மனியின் ரூர் பகுதியில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் சாமியறை இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைப்பதில்லை, மே மாதம் வந்தால் ஹம் நகரின் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு ஆயத்தம் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட நான் சில ஆண்டுகளாக ஒரு புரட்டஸ்தாந்து சபைக்கு மொழிபெயர்க்கப் போய்வருகிறேன். ஒரு தமிழ்க் குடும்பத்தை ஏற்பதா வேண்டாமா என்று சபையார் யோசித்தபோது, இரண்டு பக்கமும் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். 2021 கோடையில் பெலருஸ் வழியாக வந்தவர்கள். மின்ஸ்க் வரை விமானம், அங்கிருந்து காடு, காட்டைத் தாண்டினால் லித்துவேனியா. அந்த ஆண்டு அவ்வழியால் வந்த ஆயிரக்கணக்கானவர்களை லித்துவேனியா மூடிய முகாம்களில் அடைத்து வைத்தது. சட்டவிரோதமாக எல்லை கடந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அகதி விண்ணப்பம் செய்தவரை அடைத்து வைப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வரும்போது இந்தக் குடும்பம் முகாமில் ஒரு குளிர்காலத்தைக் கழித்து முடித்திருந்தது. விட்டவுடன் ஜேர்மனிக்கு வந்துவிட்டார்கள், இங்கே மனைவியின் அண்ணன் இருக்கிறார். ஆனால் 'ஃபிங்கர்' அங்கே கொடுத்தாயிற்று.

ஃபிங்கர் என்றால் என்ன, டப்ளின் என்றால் என்ன என்று ஐரோப்பாவில் இருக்கும் எந்தத் தமிழருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டப்ளின் ஒழுங்குவிதியின்படி ஒருவருடைய அகதி விண்ணப்பத்தைப் பெரும்பாலும் அவர் முதலில் கைரேகை கொடுத்த நாடு அல்லது அவருக்கு விசா கொடுத்த நாடுதான் விசாரிக்க வேண்டும். ஜேர்மனி அந்த நாட்டிடம் கேட்கும். அந்த நாடு சரி என்றதும் ஆறு மாதக் கணக்கு தொடங்கும். அதற்குள் ஆளை அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் பொறுப்பு ஜேர்மனியின் தலையில் விழும், இங்கேயே விசாரிக்க வேண்டும். ஆள் தலைமறைவாகிவிட்டால் மட்டும் ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீளும்.

இன்றைய தேவாலயத் தஞ்சங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஆறு மாதத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. சபை தருவது வதிவிட அனுமதி அல்ல, வழக்கில் வெற்றியும் அல்ல. கணக்கு முடியும்வரை தங்க ஓர் இடம் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பேருடைய தோளில் ஏறுகிறது என்பதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

சபையின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர், ஒரு தாதி, வங்கியில் வேலை செய்யும் இளைஞர், இன்னும் சிலர். யாரும் மேடைப் பேச்சு பேசவில்லை. கேட்டதெல்லாம் நடைமுறைக் கேள்விகள். சபை மண்டபத்தில் குளிக்க வசதி இல்லையே, என்ன செய்வது? இரவில் யார் சாவி வைத்திருப்பது? தீ விபத்து நடந்தால் காப்புறுதி கொடுக்குமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? தஞ்சத்தில் இருக்கும் காலத்தில் அரசின் உதவிப்பணம் நின்றுவிடும், மருத்துவக் காப்புறுதியும் பெரும்பாலும் இருக்காது. சாப்பாடு, மருந்து, உடுப்பு எல்லாம் சபையின் பொறுப்பு. ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். நீதிமன்றம் முடிவு சொன்ன பிறகு நாங்கள் யார் அதற்கு மேலே என்று கேட்டார். அவரை யாரும் திட்டவில்லை. கணித ஆசிரியை மட்டும், "நாங்கள் தீர்ப்பை மாற்றப் போவதில்லை, இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம்" என்றார். வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தது. எதிர்த்தவர்தான் அடுத்த கிழமை இரண்டு கட்டில்களைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

பூட்டிக் கிடந்த துடைப்ப அறையைக் குழாய் வேலைக்காரர் ஒரே சனிக்கிழமையில் குளியலறையாக்கினார். இளைஞர் கூடும் அறை படுக்கையறையானது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது: திங்கள் யார் மரக்கறி வாங்குவது, வியாழன் யார் பிள்ளைகளுக்கு ஜேர்மன் மொழி சொல்லிக்கொடுப்பது, எந்த இரவு யார் மண்டபத்தில் தங்குவது. பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய பெண்களின் பெயர்கள். இதை நான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவில் அகதிகளுக்காக யார் உழைக்கிறார்கள் என்று கேட்டால் என் மனதில் முதலில் வருவது, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் உருளைக்கிழங்குப் பையுடன் வரும் அந்த மூதாட்டிகள்தான்.

உள்ளே இருப்பவர்களுக்கு அது சுகமான இடம் இல்லை. வளவின் வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வீதியில் யாராவது மறித்துக் கேட்கலாம், அத்தோடு எல்லாம் முடிந்தது. கணவர் ஊரில் மேசன் வேலை செய்தவர், சும்மா இருக்கத் தெரியாதவர். முதல் இரண்டு கிழமையிலேயே மண்டபத்துக் கக்கூசு முழுவதற்கும் மாபிள் மாற்றிவிட்டார். பிறகு முற்றத்துக் கல்லை எல்லாம் கிளப்பி நேராக்கி அடுக்கினார். அதுவும் முடிந்த பிறகு பேச்சுக் குறைந்துவிட்டது. மனைவி என்னிடம், "அக்கா, இவர் இரவில நித்திரை கொள்ளுறேல்ல. கார்ச் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் யன்னலடியில நிக்கிறார்" என்றார். லித்துவேனியா முகாமில் இரவு இரண்டு மணிக்குத் தலை எண்ண வருவார்களாம்.

ஒருநாள் மூத்த பிள்ளைக்குப் பல்வலி. முகம் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. சபையைச் சேர்ந்த பல் வைத்தியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தன் கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் காரிலேயே வந்து ஏற்றினார். பத்து நிமிட ஓட்டம்தான். நானும் பின் இருக்கையில் இருந்தேன். சிவப்பு விளக்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் வாகனம் வந்து நின்றபோது தகப்பனின் கை என் முழங்கையைப் பிடித்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. விளக்கு மாறியது, அவர்கள் தங்கள் வழியில் போனார்கள். ஒரு பல்லைப் பிடுங்க ஒரு குடும்பம் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது.

மதம் மாற்றுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். அவர்கள் அறையின் மூலையில் நல்லூர்க் கந்தனின் படம் ஒன்று இருந்தது. அதை வைக்கலாமா என்று மனைவி தயங்கித் தயங்கி என்னைக் கேட்கச் சொன்னார். பாஸ்டர் ஒரு பெண்மணி. கேட்டதும், தீ எச்சரிக்கைக் கருவிக்குக் கீழே ஊதுபத்தி கொளுத்த வேண்டாம், யன்னல் பக்கம் கொளுத்துங்கள் என்று மட்டும் சொன்னார். ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள் என்று யாரும் அழைக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே பாட்டுக் கேட்கப் போய் இருந்தார்கள். இதே நாட்டில் வேறு விதமாக நடக்கும் சபைகள் இருக்கலாம், நான் எல்லாவற்றையும் பார்த்தவள் இல்லை. ஆனால் நான் பார்த்த இடத்தில் உதவிக்கு விலை கேட்கப்படவில்லை. சந்தேகத்தோடு என்னிடம் கேட்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஜேர்மனியில் இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பது துயரமான கதை. ஜெமால் கெமால் அல்துன் என்ற 23 வயது இளைஞர், துருக்கியில் 1980இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மேற்கு பெர்லினுக்குத் தப்பி வந்தவர். துருக்கி அவரைத் திருப்பிக் கேட்டது, ஜேர்மன் அரசு சம்மதித்தது. பதின்மூன்று மாதம் சிறையில் வைத்தார்கள். 1983 ஆகஸ்ட் 30 அன்று, தன் வழக்கு நடந்துகொண்டிருந்த நீதிமன்றத்தின் ஆறாம் மாடி யன்னலிலிருந்து குதித்து இறந்துபோனார். அவருக்காகப் போராடியவர்களுக்கு இடம் கொடுத்தது குரொய்ஸ்பேர்க் பகுதியிலுள்ள திருச்சிலுவைத் தேவாலயம். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், லெபனானுக்கு அனுப்பப்பட இருந்த மூன்று பலஸ்தீனக் குடும்பங்களை அந்தத் தேவாலயம் தன் கூரைக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஒரு சாவைத் தடுக்க முடியாமல் போன சபை, அடுத்ததைத் தடுக்க என்ன செய்யலாம் என்று யோசித்துச் செய்த காரியம் அது. அவர்கள் அனுப்பப்படவில்லை.

எங்கள் ஆட்கள் பெருந்தொகையாக பெர்லினுக்கு வந்துகொண்டிருந்ததும் அதே எண்பதுகளில்தான். கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரெட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் ரயில் ஏறி மேற்குப் பக்கம் போய் அசூல் (அகதித் தஞ்சம்) கேட்ட தலைமுறை. 1986இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்தது. இன்று வீடு வாங்கி, கடை வைத்து, பேரப்பிள்ளை கண்டு இருப்பவர்கள் அவர்கள்தான்.

தமிழர்கள் மறக்கக்கூடாத இன்னொரு பெயர் விராஜ் மெண்டிஸ். சிங்களவர். 1973இல் படிக்க இங்கிலாந்து போனவர், தமிழர்களின் உரிமைக்காகப் பகிரங்கமாகக் குரல் கொடுத்தவர். மாணவர் விசா முடிந்த பிறகும் தங்கியிருந்ததால் நாடுகடத்த உத்தரவு வந்தது. தமிழர் பக்கம் நின்ற தனக்கு இலங்கையில் உயிராபத்து என்று அவர் வாதாடினார், ஏற்கப்படவில்லை. 1986 டிசம்பரில் மான்செஸ்டர் நகரின் ஹியூம் பகுதியிலுள்ள விண்ணேற்ற ஆலயத்துக்குள் போனார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். முறை வைத்து ஆட்கள் அவரோடு தங்கினார்கள். 1989 ஜனவரி 18 அன்று அதிகாலையில் நூற்றுக்கு மேற்பட்ட பொலிசார் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். இரண்டு நாளில் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர் ஜேர்மனிக்கு வந்து பிரேமன் நகரில் வாழ்ந்தார், 2013இல் இலங்கை பற்றிய மக்கள் தீர்ப்பாயம் அந்த நகரில் கூடியபோது அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் ஒருவர். 2024 ஆகஸ்டில் காலமானார். எங்களுக்காகப் பேசியதற்காக ஒரு சிங்களவரை ஓர் ஆங்கிலத் திருச்சபை இரண்டு ஆண்டு காத்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஹியூமில் கதவை உடைக்க முடிந்தது. நெதர்லாந்தில் அப்படி உடைக்க முடியாத ஒரு தருணம் இருக்கிறது: வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் வழிபாட்டிடத்துக்குள் நுழைவதை அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது. 2018இல் டென் ஹாக் நகரின் பெத்தேல் ஆலயம் அந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டு செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். ஆர்மேனியாவிலிருந்து வந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் நெதர்லாந்தில் வாழ்ந்த ஒரு குடும்பம், பெற்றோரும் மூன்று பிள்ளைகளும். நீதிமன்றம் ஒருமுறை அவர்களுக்குச் சார்பாகச் சொன்னது, அரசு மேல்முறையீடு செய்து திருப்பியது. நீண்டகாலம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு விலக்களிக்கும் 'சிறுவர் மன்னிப்பு' என்ற ஏற்பாடு இருந்தது, அதன் நிபந்தனைகள் மிக இறுக்கமானவை என்பதால் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அக்டோபர் 26 அன்று மதியம் பெத்தேலில் ஒரு வழிபாடு தொடங்கியது. அது முடிக்கப்படவில்லை.

இரவு இரண்டு மணிக்கும் வழிபாடு. விடியற்காலை ஐந்து மணிக்கும் வழிபாடு. ஒரு போதகர் முடிக்கும் இடத்தில் அடுத்தவர் தொடங்குவார். நாடு முழுவதிலுமிருந்து, பிறகு ஜேர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் போன்ற நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான போதகர்கள் வந்தார்கள். சாதாரண நாட்களில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத சபைப் பிரிவுகள் எல்லாம் ஒரே பீடத்தில் முறை வைத்து நின்றன. நத்தார், புதுவருடம் எல்லாம் அந்த ஒரே வழிபாட்டுக்குள்ளேயே வந்து போயின. 96 நாள் நடந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் அகண்ட நாம பஜனை வைத்தால் 24 மணி நேரத்துக்கே ஆள் பிடிக்க நிர்வாகம் ஓடித்திரியும், இது 96 நாள்.

அதற்குள் அரசியல் அசைந்தது. ஆளும் கூட்டணியில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஜனவரி கடைசியில் கூட்டணிக் கட்சிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: இப்படி மறுக்கப்பட்ட சுமார் 700 பிள்ளைகளின் கோப்புகளை மறுபடி பார்ப்பது, அதில் பெரும்பாலானவர்களுக்கு அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது. 2019 ஜனவரி 30 அன்று பெத்தேல் வழிபாட்டை நிறைவு செய்தது. அந்த ஆர்மேனியக் குடும்பமும் பின்னர் தங்க அனுமதி பெற்றது. ஒரு குடும்பத்துக்காகத் தொடங்கிய வழிபாடு நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நன்மையாக முடிந்தது. ஆனால் அதே உடன்பாட்டில் 'சிறுவர் மன்னிப்பு' ஏற்பாடு மூடப்பட்டது. தனிப்பட்ட கருணை அடிப்படையில் அனுமதி கொடுக்க அமைச்சருக்கு இருந்த அதிகாரமும் எடுக்கப்பட்டது. பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வழி இல்லை. வெற்றிக் கதையாகச் சொல்லும்போது இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது என்பது என் எண்ணம்.

சரி, எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. 2015இல் ஜேர்மன் உள்துறை அமைச்சராக இருந்த தோமஸ் டி மெஸியேர், தேவாலயங்கள் தங்களைச் சட்டத்துக்கு மேலே வைக்கக்கூடாது என்று கடுமையாகப் பேசினார். ஷரியாவோடுகூட ஒப்பிட்டார், அந்த ஒப்பீட்டைப் பிறகு விலக்கிக்கொண்டார். அந்தச் சண்டையின் முடிவில் அந்த ஆண்டு பெப்ரவரியில் ஓர் இணக்கம் வந்தது. சபை முதல் நாளே அறிவிக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் இந்தக் குடும்பத்தின் நிலைமை ஏன் தனிக் கவனத்துக்குரியது என்று விரிவான கோப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும், குடிவரவு அலுவலகம் மறுபடி பரிசீலிக்கும். ஆரம்பத்தில் அப்படிக் கொடுத்த கோப்புகள் நிறைய ஏற்கப்பட்டன. இப்போது மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. நாங்கள் கொடுத்த கோப்பும் அப்படித்தான் திரும்பி வந்தது. முகாமில் அடைத்து வைத்த காலம், தகப்பனின் நித்திரையின்மை பற்றி வைத்தியர் எழுதிய அறிக்கை, பிள்ளையின் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிரச்சினை, எல்லாம் அதில் இருந்தன. பதிலில் அந்தக் குடும்பத்துக்கே உரிய வரி ஒன்றையாவது தேடினேன், கிடைக்கவில்லை.

2018இல் இன்னொரு நெருக்கடி வந்தது. கோப்பு நிராகரிக்கப்பட்ட பிறகும் தேவாலயத்திலேயே இருப்பவரைத் தலைமறைவானவராகக் கணக்கிட்டு, ஆறு மாதத்தைப் பதினெட்டாக நீட்டத் தொடங்கியது அலுவலகம். முகவரியோடு அறிவிக்கப்பட்ட ஒருவர் எப்படித் தலைமறைவு ஆவார்? நீதிமன்றங்களும் இதையே கேட்டன. கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை போன பிறகு, 2021இலிருந்து பழையபடி ஆறு மாதம் ஆனது. அதற்கிடையில் பவாரியாவில் துறவிகள்மீதே வழக்குப் போட்டார்கள். மியுன்ஸ்டர்ஷ்வார்ஸாக் மடத்துத் துறவி ஆபிரகாம் சவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார், பவாரியாவின் உயர் நீதிமன்றமும் 2022 பெப்ரவரியில் அதை உறுதிசெய்தது. இணக்கத்தின்படி வெளிப்படையாகத் தஞ்சம் கொடுப்பது குற்றமல்ல என்பது அதன் சாரம்.

இதெல்லாம் இருந்தும் கதவு பலமாகிவிடவில்லை. 2024 மே மாதம் கீழ் சாக்சனி மாநிலத்தின் பீனன்பியுட்டெல் என்ற சிறிய ஊரில் பொலிசார் வந்து ஒரு ரஷ்யக் குடும்பத்தைத் தேவாலயத் தஞ்சத்திலிருந்து எடுத்து ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். போருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஓடி வந்தவர்கள். அந்தச் செய்தி வந்த இரவில் எங்கள் பட்டியலில் உள்ள மூதாட்டிகளின் வாட்ஸ்அப் குழு நித்திரை கொள்ளவில்லை. அப்போது எங்களிடம் யாரும் இருக்கவில்லை, இந்தத் தமிழ்க் குடும்பத்தின் காலம் ஏற்கனவே முடிந்திருந்தது. ஆனாலும் அவர்கள் பயந்தார்கள். ஒருமுறை கூரை கொடுத்தவர்களுக்கு அந்தப் பயம் பழகிவிடுகிறது.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதே வரலாறு இருக்கிறது. 1982 மார்ச் 24 அன்று, எல் சால்வடோரின் பேராயர் ரொமேரோ கொல்லப்பட்ட இரண்டாம் ஆண்டு நினைவு நாளில், அரிசோனாவின் டூசான் நகரில் பாஸ்டர் ஜான் ஃபைஃப் தன் தேவாலயத்தைத் தஞ்ச இடமாகப் பகிரங்கமாக அறிவித்தார். எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளுக்காக. அவர்மேல் வழக்கு நடந்து 1986இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, சிறைக்கு அனுப்பவில்லை. 1991இல் சபைகள் தொடுத்த இன்னொரு வழக்கில் அரசு இறங்கிவந்து, அந்த அகதிகளின் விண்ணப்பங்களை மறுபடி விசாரிக்க ஒத்துக்கொண்டது. ஒன்பது ஆண்டு எடுத்தது. 2025 ஜனவரியில், தேவாலயம், பள்ளி போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய பழைய வழிகாட்டலை ட்ரம்ப் அரசு நீக்கியது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகள் வழக்குப் போட்டன, சாக்ரமெண்டோ குருத்வாரா ஒன்றும் அதில் சேர்ந்துகொண்டது. வழக்குப் போட்டவர்களின் வழிபாட்டிடங்களுக்கு மட்டும் நீதிபதி பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். அதே ஆண்டு ஜூனில் சான் டியேகோ ஆயர் மைக்கேல் ஃபாம் தன் குருமார்களோடு குடிவரவு நீதிமன்றத்துக்கே போய், விசாரணைக்கு வந்தவர்களின் பக்கத்தில் இருந்தார். வியட்நாமிலிருந்து அகதியாக வந்த பிள்ளை அவர். கூட இருப்பது என்பதற்குச் சட்ட விதி எதுவும் தேவையில்லை என்பதால் அந்தச் செய்தி எனக்கு முக்கியமாகப் பட்டது.

சீக்கியர்கள் அந்த வழக்கில் சேர்ந்ததைப் படித்தபோது எங்கள் கோயில்களை நினைத்தேன். ஐரோப்பாவின் பெரிய சைவக் கோயில்களில் ஒன்று ஹம்மில் இருக்கிறது, அதைக் கட்டிய குருக்களே 1985இல் அகதியாக வந்தவர். ஆகஸ்டில் கேவலார் மாதா கோயிலுக்குத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள், அதில் சைவர்களும் உண்டு. பக்தியில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. அரசோடு அந்த இணக்கம் செய்துகொண்டவை தேவாலயங்கள், ஒரு அம்மன் கோயில் நாளை அதே மாதிரி ஒரு குடும்பத்தை அறிவித்தால் அலுவலகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த மூதாட்டிகளின் பட்டியலில் எங்கள் பெயர்களும் இருந்திருக்கலாமே. எங்கள் ஊர்க் கோயிலில் நான் போய்ச் சொன்னபோது அன்னதானப் பொறுப்பாளர் அண்ணை உடனே, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு நான் பார்க்கிறேன் என்றார். குடும்பம் இருந்த கடைசிக் கிழமை வரை சாம்பாரும் சோறும் தவறாமல் போயிற்று. வேறு சிலர், "இப்ப வாறவை எல்லாம் காசுக்காகத்தானே வருகினம்" என்றார்கள். ஷோனஃபெல்டில் இறங்கியபோது தங்களைப் பற்றியும் ஜேர்மன் பத்திரிகைகள் அதையேதான் எழுதின என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்களிடம் நான் கோபமாகத்தான் பேசினேன், அதற்காக வருந்தவில்லை.

குடும்பத்தின் கணக்கு முடிந்தது. பொறுப்பு ஜேர்மனிக்கு வந்தது. இப்போது அவர்களுடைய விண்ணப்பம் இங்கே விசாரணையில் இருக்கிறது. இலங்கையர்களுக்கு அகதி அந்தஸ்து எளிதில் கிடைக்கும் காலம் இல்லை இது, மறுக்கப்படலாம். ஆனால் தங்களுக்கு என்ன நடந்தது என்பதை ஒரு அதிகாரி முன்னால் தங்கள் மொழியில் சொல்ல முடிந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். தகப்பனுக்கு வேலை செய்ய அனுமதி வந்ததும் குழாய் வேலைக்காரரே தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

அடுத்தது என்ன என்பதுதான் இப்போதைய கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய அகதிச் சட்டத் தொகுப்பு 2026 நடுப்பகுதியில் நடைமுறைக்கு வருவதாக முடிவானது. டப்ளினின் இடத்துக்கு வரும் ஒழுங்குவிதியிலும் ஆறு மாதம் இருக்கிறது. தலைமறைவானால் பதினெட்டு மாதம் என்பது மட்டும் மூன்று ஆண்டாக மாறியிருக்கிறது. தேவாலயத்தில் இருப்பவரைத் தலைமறைவு என்று அலுவலகம் மறுபடி கணக்கிடத் தொடங்கினால், ஒரு சபை ஒரு குடும்பத்தை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டிவரும். துடைப்ப அறையில் கட்டிய குளியலறையும் அறுபது வயதைத் தாண்டிய பத்துப் பெண்களும் அதற்குப் போதாது.

அதனால் சபை நிர்வாகம் இம்முறை வெளியேயும் உதவி கேட்டிருக்கிறது, எங்கள் கோயிலுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இரவு தங்க இரண்டு பேர், கார் ஓட்ட ஒருவர், தமிழும் ஜேர்மனும் தெரிந்த ஒரு வைத்தியர், மாதம் மாதம் ஒரு தொகை. கோயில் நிர்வாக சபைக் கூட்டம் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும். கடிதத்தை நான் தமிழில் எழுதி எல்லோருக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அன்னதான அண்ணை முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டார், இரண்டாவதாக என் பெயரை எழுதியிருக்கிறேன்.